முன்னால் அவர், பின்னால் என் குரல்

திருவனந்தபுரம் போவது அப்போது வேறு தேசத்துக்குப் போவதுதான். வெள்ளைக்காரன் போன மறுவருஷம். சுதந்திரம் வந்துவிட்டது என்று எங்கள் ஊரில் மிட்டாய் கொடுத்து முடித்திருந்தார்கள். ஆனால் ஆரல்வாய்மொழிச் சாவடியைத் தாண்டினால் ராஜாவின் சீமை, அவர்கள் காசு, அவர்கள் எழுத்து. சாவடிக்காரன் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினான். நான் அரிசி கடத்துகிறேன் என்று சந்தேகப்பட்டு, என் மூட்டையை அவிழ்த்து, அவலுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான். அதுதான் எங்கள் வழிச்சாப்பாடு. அந்தக் கை அன்றைக்கு எதையெல்லாம் தொட்டதோ என்று நினைத்துக்கொண்டே மூட்டையைத் திரும்பக் கட்டினேன். அப்புறம் அந்த அவலைத் தின்ன மனசு வரவில்லை.

நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவர். திருநெல்வேலியில் பார்த்த டாக்டர், இது என் கைக்கு மிஞ்சியது, திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய டாக்டர் இருக்கிறார், அவர் கத்தி வைத்தால் உண்டு என்று சொல்லிவிட்டார். அந்தப் பெரிய டாக்டர் மேல்படிப்புக்குச் சீமைக்குக் கப்பலேறப் போகிறார். வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குள் போய்ப் பேர் கொடுத்தால்தான் படுக்கை கிடைக்கும். அதை விட்டால் அவர் திரும்பி வர ஆறு மாசம் ஆகும், அதுவரை உங்கள் கண் காத்திருக்காது என்றும் சொன்னார். பஸ்ஸுக்குக் காசு புரட்டுவதற்குள் அந்த வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. விடியுமுன் கிளம்பினோம்.

ஊரில் எல்லோரிடமும் இவர் சொல்லிவைத்திருந்தது, இடது கண் கொஞ்சம் மங்கல் என்பதுதான். தலைமையாசிரியருக்கும் அதுதான், எனக்கும் அதுதான். இரண்டு கண்ணும் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். இலையில் கூட்டு எங்கே இருக்கிறது, பொரியல் எங்கே இருக்கிறது என்று அவர் விரலால் தடவிப் பார்த்துச் சாப்பிடுவதைத் தினமும் பார்க்கிறவள் நான்தானே. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் அந்த மனுஷன் உடைந்துபோவார். கண் தெரியாத வாத்தியாரைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளமாட்டார்கள் என்ற பயம் வேறு. தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் குடும்பம் நடத்தினோம்.

வெளியே போகும்போது எப்படிச் சமாளித்தோம் என்று கேட்கலாம். எங்கள் பக்கத்தில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி பின்னால் போவாள். அந்த வழக்கம் எங்களுக்கு வசதியாகப் போயிற்று. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் மிடுக்காக முன்னால் நடப்பார். நான் நாலடி பின்னால் பேசிக்கொண்டே வருவேன். "இந்தாங்க, இடதுகைப் பக்கம் சாணி கிடக்கு. இந்தாங்க, படி வருது. இந்தாங்க, எதுத்தாப்ல பெரிய வாத்தியாரு வாறாரு." இவர் சரியான பக்கம் திரும்பிக் கும்பிடுவார். ஊரில் எனக்கு வாயாடி என்று பேர். புருஷனை நிம்மதியாக நடக்கக்கூட விடாமல் தொணதொணக்கிறாள் என்று என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

கரமனைப் பாலம் தாண்டி, பஸ் தம்பானூரில் எங்களை இறக்கிவிட்டபோது வெயில் ஏறியிருந்தது. பலகைகளில் இருந்த எழுத்தெல்லாம் வட்டம் வட்டமாக முறுக்குப் பிழிந்த மாதிரி இருந்தது. எனக்குத் தமிழ் எழுத்தே அப்போது தெரியாது, அதனால் அதில் பெரிய நஷ்டம் இல்லை. இங்கே யாருக்கு நம்மைத் தெரியும், என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று இவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிப்போயிற்று.

"நான் என்ன குருடனா? நீ பின்னால வா" என்றார்.

அந்நிய ஊரிலும் அவர் முன்னால்தான் நடந்தார். கண் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டேன். ஒரு ஆள் நின்று பொறுமையாக, கையை ஆட்டி ஆட்டி நீளமாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது 'நேரே' என்பது ஒன்றுதான். அவருக்கு நன்றி சொல்லவும் எனக்கு வார்த்தை தெரியவில்லை. வயிறு வேறு காந்தியது. பஸ்ஸில் பக்கத்தில் வந்த ஒருவர், நீங்கள் நேரே சாலைக் கடைவீதிக்குப் போங்கள், அங்கே கடை வைத்திருப்பவர்கள் பாதிப் பேர் நம் ஆட்கள், சாப்பாடும் மலிவு, வழியும் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். சரி, அங்கேயே போவோம் என்று நடந்தோம்.

அந்த வழி நெடுக இவர் நன்றாகவே நடந்தார். சுற்றிலும் மலையாளம், என் குரல் ஒன்றுதான் தமிழ். நான் மெல்லச் சொன்னாலே அவர் காது பிடித்துக்கொண்டது. இந்த ஊர் பரவாயில்லையே என்றுகூட எனக்குத் தோன்றியது.

சாலைக் கடைவீதிக்குள் நுழைந்ததும் எனக்குத் தாய்வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. வற்றல் மிளகாய் நெடி, சாக்கு, கயிறு, பித்தளைப் பாத்திரம், நெல்லு மூட்டை, பாரம் சுமக்கிற சுமட்டுக்காரர்களின் அதட்டல். இரண்டு பக்கமும் தமிழ். நாகர்கோவில் தமிழ், எங்கள் திருநெல்வேலித் தமிழ், மலையாளத்தில் தோய்த்தெடுத்த தமிழ் எல்லாம் காதில் விழுந்தது. சரக்கு வாங்க வந்த பெண்பிள்ளைகள் புருஷனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இந்தாங்க, அத விலை கேளுங்க" என்கிறார்கள். இவர் சிரித்துக்கொண்டே, "நம்ம ஊரு மாதிரில்லா இருக்கு" என்றார். நானும் அசடு மாதிரிச் சந்தோஷப்பட்டேன்.

அப்போதுதான் மூட்டை அடுக்கிய கைவண்டி ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. நான் ஒதுங்கி நின்றேன். எதிரே மாட்டுவண்டி வந்துவிட்டதால் கைவண்டி நகரமுடியாமல் அங்கேயே நின்றது. வண்டிக்காரர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வைதுகொண்டார்கள். வண்டி நகர்ந்து வழி விட்டபோது எதிரே இவர் இல்லை.

"இந்தாங்க" என்று கூப்பிட்டேன். நாலைந்து ஆண்பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் இல்லை. இன்னும் உரக்க, "இந்தாங்க" என்றேன். வேறு சிலர் திரும்பினார்கள். அவரைக் கூப்பிட எனக்கு இருந்தது அந்த ஒரு சொல். அந்தத் தெருவில் எல்லாப் பெண்களும் அந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். மலையாளம் பேசுகிற தெருவில் தொலைந்திருந்தால் என் குரல் ஒன்றே அவரை இழுத்துக்கொண்டு வந்திருக்கும். நம் ஆட்கள், நம் ஆட்கள் என்று தேடி வந்து அந்த இடத்தில் தொலைத்தேன்.

மூட்டை தலையில் இருந்தது. அதோடு ஓடினேன். ஒவ்வொரு சந்துக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். சந்துக்குள் சந்து. எங்கே கிணறு இருக்கிறதோ, எந்த வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் நிற்கிறாரோ என்று நினைத்துக்கொண்டே அடுத்த சந்துக்கு ஓடினேன். போனவர்கள் வந்தவர்களிடம், வெள்ளை வேட்டி, குடை வைத்திருப்பார், பார்த்தீர்களா என்று கேட்டேன். அந்தத் தெருவில் வெள்ளை வேட்டி கட்டாத ஆணே இல்லை. கண் தெரியாதவர் என்று சொன்னால் யாராவது பார்த்திருக்கக்கூடும். வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அந்த மனுஷன் அவ்வளவு காலம் கட்டிக் காத்ததை ஒரு கடைவீதியில் நான் எப்படிப் போட்டு உடைப்பேன்? ஒரு நகைக்கடைக் கடிகாரத்தில் மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு சாக்குக் கடைக்காரர்தான் என்னைப் பார்த்து நிறுத்தினார். நாகர்கோவில் பக்கத்து ஆள், அங்கே கடை வைத்து வெகுநாள் ஆனவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், விஷயத்தைக் கேட்டார். ஆஸ்பத்திரி, இரண்டு மணி, எல்லாம் சொன்னேன். சுமட்டுக்காரர்களை நாலா பக்கமும் அனுப்பிக் கூவச் சொல்கிறேன், ஆள் எங்கே இருந்தாலும் வந்துவிடுவார் என்றார். "ஆளுக்க பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

நான் தலைமூட்டையை இறக்கிக் கீழே வைத்தேன்.

கட்டினவன் பேரைச் சொன்னால் ஒவ்வொரு தடவைக்கும் அவன் ஆயுசில் ஒரு நாள் குறையும் என்று என் மாமியார், நான் அந்த வீட்டுக்குள் வலதுகாலை வைத்த அன்றைக்கே சொல்லிவிட்டார். நான் அதை நம்பினேனா என்று கேட்டால், சோதித்துப் பார்க்கத் துணியவில்லை என்றுதான் சொல்லவேண்டும். இவருக்குச் சாமி பேர். அந்தச் சாமியைக்கூட 'மயில்காரர்' என்று சொல்லித்தான் கும்பிடுவேன். கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால், பக்கத்தில் நிற்கிறவள் எனக்காகச் சொல்வாள். இந்த ஊரில் யார் சொல்வார்?

கடைக்காரருக்கு நம் வழக்கம் தெரியும். சாமி பேரா என்று கேட்டார். தலையாட்டினேன். எந்தச் சாமி என்றார். மயில்மேல் வருகிறவர் என்றேன். இதை முன்னாலேயே சொல்லக்கூடாதா என்று சிரித்துவிட்டு, அந்தச் சாமிக்கு ஊரில் அதிகமாக வைக்கிற பேரைச் சொல்லிச் சுமட்டுக்காரர்களை அனுப்பினார். தெருவின் இரண்டு கோடியிலும் அந்தப் பேரைக் கூவினார்கள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கிளப்புக் கடையிலிருந்து கரண்டியோடு வந்தார். ஒருவர் கணக்கு எழுதுகிறவர், காதில் பென்சில். ஒரு கிழவர், தன்னையும் ஒருத்தி தேடிக்கொண்டு வந்திருக்கிறாள் என்ற ஆசையில் மேல்மூச்சு வாங்க வந்து நின்று என் முகத்தையே பார்த்தார். எல்லோருக்கும் அந்தப் பேர்தான். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பேர் இல்லை. அந்தச் சாமிக்கு இருக்கிற இன்னொரு பேர். கடைக்காரர் இன்னொன்றைச் சொல்லிக் கூவச் சொன்னார். அதற்கும் இரண்டு பேர் வந்தார்கள். அதுவும் இல்லை என்று தலையாட்டினேன். வேறு சமயமாக இருந்தால் நானே வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

எழுதியாவது காட்டுங்கள் என்றார். எனக்கு எழுதத் தெரியாது என்றேன். எழுத்தெல்லாம் பிற்பாடு, இவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்ட வேண்டியிருந்த காலத்தில், இவர் வாயால் சொல்லச் சொல்ல நான் கற்றுக்கொண்டது. கடைக்காரருக்கு வியாபாரம் காத்துக்கொண்டிருந்தது. "நீங்க வாயத் தொறந்து சொல்லாட்டா நான் எங்க போயிம்மா தேடுகதுக்கு?" என்று கையை விரித்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். முன்பின் தெரியாதவளுக்கு அதற்குமேல் யார் செய்வார்?

எதிரே கூடையில் பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்த மலையாளத்துக்காரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன விவரம் என்று சுமட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, வையவும் இல்லை, கேலியும் செய்யவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிக் கேட்டாள்.

"பேரு பறஞ்ஞால் எந்தா? ஆளு மரிச்சு போகுமோ?"

மற்ற மலையாளம் எதுவும் புரியாத எனக்கு, பேரைச் சொன்னால் ஆள் செத்தா போவார் என்று அவள் கேட்டது மட்டும் நன்றாகப் புரிந்தது. ஆமாம், அதைத்தான் எங்கள் ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்கள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அப்புறம் அந்தக் கோபம் என் மாமியார் பக்கம் திரும்பியது. அப்புறம் என் பக்கமே திரும்பியது. ஆயுசில் ஒரு நாளைக் காப்பாற்றுகிறேன் என்று இங்கே நின்றுகொண்டிருக்கிறேன். இரண்டு மணி அடித்தால் மிச்ச ஆயுசு முழுக்க இருட்டு. மயில்காரரே, ஒரு நாள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும், அதையும் என் கணக்கில் எடும் என்று பேரம் பேசிவிட்டு, மூட்டையைக் கடையிலேயே போட்டுவிட்டு, நடுத்தெருவில் போய் நின்றேன்.

முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. அந்தப் பேருக்கு என் நாக்கு பழகியிருக்கவில்லை. இரண்டாம் தடவை, தொண்டை கிழிகிற மாதிரி, அந்தப் பேரை முழுசாகக் கத்தினேன். மாட்டுவண்டிக்காரன் மாட்டைப் பிடித்து நிறுத்தினான். நான் திரும்பத் திரும்பக் கத்தினேன். எத்தனை நாள் போயிற்றோ தெரியாது. அந்தக் கணக்கு பொய்யென்று பிற்பாடு அவரே நெடுங்காலம் இருந்து காட்டினார். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவர் ஆயுசைப் பிய்த்துப் பிய்த்துத் தெருவில் போடுகிறோம் என்றுதான் நினைத்தேன்.

இவர் தூரத்தில் இல்லை; பேரைக் கேட்டுத் திரும்பியபோதுதான் கண்ணில் பட்டார். அதுவரை நாலு கடை தள்ளி, பூட்டிக் கிடந்த ஒரு சரக்குக் கிட்டங்கிச் சுவர் பக்கம், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். சுவரில் ஏதோ மலையாள விளம்பரம் ஒட்டியிருந்தது. குடையை ஊன்றி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அதை வாசிக்கிற மாதிரி நின்றிருந்தார். அந்த இடத்தை நான் இரண்டு தடவை தாண்டிப் போயிருந்தேன். வழி தெரியாமல் தவிக்கிற ஒருவரைத் தேடியவள், விளம்பரம் வாசிக்கிறவரைக் கவனிக்கவில்லை. அந்த எழுத்து அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பார்க்கக் கண் இல்லை. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று அப்படியே நின்றிருக்கிறார்.

கிட்டப் போனதும், "எதுக்கு இப்படிக் கத்துத? தெருவே கேக்குல்லா" என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை. "கேக்கட்டும்" என்றேன். அவர் கை காற்றில் துழாவிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தது. சில்லென்று இருந்தது. கையை விடவில்லை.

நடந்ததை அப்புறம் சொன்னார். கைவண்டிக்கு அப்பால் யாரோ ஒருத்தி தன் புருஷனை, "இந்தாங்க, இந்தச் சந்துல திரும்புங்க" என்றிருக்கிறாள். நம் ஊர்க் குரல். இவர் திரும்பிவிட்டார். கடைக்குள் ஏறுங்கள் என்றாள், ஏறிவிட்டார். ஜவுளிக் கடை. மகளுக்குப் பாவாடைத் துணி எடுக்கவேண்டும் என்று அவள் சொன்ன பிறகுதான், நமக்கு ஏது மகள் என்று உறைத்திருக்கிறது. சுவரைத் தடவிக்கொண்டு சந்து முனைக்கு வந்து நின்றுவிட்டார். அப்புறம் எந்த 'இந்தாங்க'வையும் நம்பித் திரும்பவில்லை. சுமட்டுக்காரர்கள் கூவியதும் காதில் விழுந்ததாம். "வேற யாரையோ தேடுதாங்கன்னு நெனச்சேன். பாவம், அவன் எங்க தொலைஞ்சானோன்னு" என்றார்.

சாக்குக் கடைக்காரர் மூட்டையை எடுத்துக் கொடுத்து, ஒரு குதிரைவண்டியை நிறுத்தி, ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணிக்குள் கொண்டுபோய் விடு என்று மலையாளத்தில் அதட்டினார். சாப்பாடும் இல்லை, நடந்து போய்க் காசு மிச்சம் பிடிக்கிற யோசனையும் இல்லை. வண்டியில், பேரைச் சொன்னதற்குக் கோபமா, இல்லை பயமா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றும் தெரியவில்லை.

வாசலில் இறங்கியபோது அவராகவே கையை நீட்டினார். நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால் வந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவை. பேர் எழுதுகிற ஜன்னலில் இருந்தவர் கதவைச் சாத்த எழுந்துவிட்டார். எங்களைப் பார்த்துவிட்டு, அலுத்துக்கொண்டே திரும்ப உட்கார்ந்தார்.

"பேரு?"

இவர் ஜன்னல் பக்கம் இருந்த முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"அவ சொல்லுவா" என்றார்.

சொன்னேன். மெல்லத்தான் வந்தது. "உறக்கெ பறயணும்" என்றார் ஜன்னல்காரர். உரக்கச் சொன்னேன். ஊர், வயசு, வேலை என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றையும் நானே சொன்னேன். கடைசியாக, ஏது கண்ணு என்று கேட்டார்.

இடது என்று சொல்லத்தான் பழகியிருந்தேன். வாய் வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். அந்தப் பதில் என்னுடையது இல்லை. ஜன்னல்காரர் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். என் கையைப் பிடித்திருந்த கை இறுகியது.

"ரெண்டும்" என்றார் இவர்.